ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் வாடுகிறவர்களுக்கு

லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தவனுக்கு மனிதர்களை இரண்டு முறை பார்க்கக் கிடைக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டும்போது, "இந்தத் தடவை கண்டிப்பாக் குறைஞ்சிருக்கும் சார், சாதத்தையே தொடலை" என்பார்கள். சாயங்காலம் கவுன்டரில் கவரைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒன்றும் பேசாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வர ஒரு வருஷம் ஆகியிருக்கும். எண் இன்னும் ஏறியிருக்கும். "அவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் குறையலை. அப்புறம் எதுக்கு வாயைக் கட்டணும்?" என்பதுதான் அவர்கள் எல்லோருடைய வாதமும்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். எனக்கும் சர்க்கரை உண்டு, பல வருஷமாக. காலையில் பூங்காவில் நடக்க வருகிற கூட்டத்தில், புதிதாகச் சர்க்கரையோ கொழுப்போ பிரஷரோ வந்து சேர்கிற தம்பிகளும் தங்கச்சிகளும் என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயம் அவரோடு. எண்களோடு காலம் தள்ளியவன் என்ற அளவில் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எந்த எண் எப்போது பேசும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மனம் விட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம், தவறான எண்ணைத் தவறான நேரத்தில் பார்ப்பது. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்.பி.ஏ.1சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஒட்டிய சர்க்கரை அந்த அணு அழியும்வரை அதை விட்டுப் போகாது. ஆகவே நீங்கள் திருந்திய பிறகும், திருந்துவதற்கு முந்தைய நாட்களின் கணக்கு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிற கரண்ட் பில் மாதிரிதான். போன வாரம் ஏ.சி.யை நிறுத்தியதற்காக இந்த பில் பாதியாகிவிடாது. கடைசி ஒரு மாதத்துக்குத்தான் பங்கு அதிகம், ஏறத்தாழப் பாதி. மீதி பழைய பாக்கி. உணவை மாற்றி மூன்று வாரத்தில் போய் இந்த டெஸ்ட்டைக் கேட்டால் ஏமாற்றம் நிச்சயம். மூன்று மாதம் பொறுங்கள்.

ட்ரைகிளிசரைடு அப்படியில்லை. இனிப்பையும் மாவையும் மதுவையும் குறைத்தால் சில வாரங்களிலேயே இறங்கும். கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். அசைவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். உப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினால் ரத்த அழுத்தம் இரண்டு வாரத்தில் தெரியும். எடைதான் எல்லாவற்றையும்விட நிலையற்றது. ஆனால் எல்லோரும் தினமும் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று. 7.2-ம் 7.4-ம் ஒரே எண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு முன்பின் எந்த லேபிலும் வரும். வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டரில், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் இருப்பதைச் சர்வதேசத் தரநிலையே ஏற்றுக்கொள்கிறது. நேற்று 142, இன்று 155 என்று கலங்குகிறவர்கள், கலங்க வேண்டியதற்காகக் கலங்கவில்லை.

2. வெயிட் மெஷினில் ஏறினால், அது காட்டுவது என்ன என்று தெரிந்து ஏறுங்கள்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நேற்று ராத்திரிக்கும் இன்று காலைக்கும் நடுவில் ஒரு கிலோ கொழுப்பு கூட வேண்டுமானால், அவ்வளவையும் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தக் கல்யாணப் பந்தியிலும் அது நடக்காது. கூடியது தண்ணீர். ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு, மோர்மிளகாய் எல்லாவற்றிலும் இருக்கிற உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இதுவே தானாக நடக்கும். இரண்டு நாள் மலம் சரியாகப் போகாவிட்டாலும் முள் நகரும்.

முதல் வாரக் குதூகலத்துக்கும் இதே தண்ணீர்தான் காரணம். கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்கிற மாவுச்சத்துச் சேமிப்பு அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்திருக்கும். சாதத்தைக் குறைத்தவுடன் அந்தச் சேமிப்பு கரையும். கூடவே தண்ணீரும் போகும். மெஷின் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். வீடு முழுக்கச் செய்தி பரவும். மூன்றாவது வாரத்தில் முள் நின்றுவிடும். அப்போதுதான் "டயட் வேலை செய்யலை" என்ற பேச்சு தொடங்கும். உண்மையில் கொழுப்பு கரைவது அந்த மெதுவான வாரங்களில்தான். மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ குறைந்தால் அது நல்ல வேகம்.

வாரத்தில் ஒரு நாள், எழுந்து கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிக்குமுன் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். நான்கு எண் சேர்ந்த பிறகு அவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

3. காலை ஃபாஸ்டிங்கோடு சண்டை போடாதீர்கள்.

"ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான். காலையில 148. இட்லியையும் விட்டுடட்டுமா?" இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரமில்லை. விடியற்காலையில் உடம்பு எழுவதற்குத் தயாராகும்போது கார்டிசால் முதலான ஹார்மோன்கள் சுரக்கும். அவை கல்லீரலைத் தட்டி, சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்கச் சொல்லும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு உடனே இன்சுலின் வந்து சமன் செய்துவிடும். நமக்கு அந்த வேகம் கிடையாது. அதனால் ராத்திரி நீங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் காலை எண் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம். நான் பார்த்தவரையில் பலருக்கும் கடைசியாக இறங்குகிற எண் இதுதான்.

உங்களுக்கு அன்றன்றைக்கே ஊக்கம் வேண்டுமென்றால் சாப்பிட்ட பிறகு பாருங்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். சாப்பிட்டு முடித்து, பேப்பர் படித்து, அதற்குப் பிறகு கணக்கு வைக்கக் கூடாது. ஒரு நாள் வழக்கம்போல நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. இன்னொரு நாள் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது அவித்த முட்டை. இரண்டு நாளும் அளந்து பாருங்கள். மூன்றாவதாக ஒரு நாள், அதே இரண்டு இட்லிக்குப் பிறகு பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு அளந்து பாருங்கள். நான் சொல்லி நம்புவதைவிட உங்கள் விரல் நுனி சொல்லி நம்புவது மேல். மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய பலனின் ஒரு துண்டு அன்று மத்தியானத்துக்குள் கையில் கிடைக்கும்.

4. எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு என்பதை ஆதாரத்தோடு நம்புங்கள்.

இது நான் ஆறுதலுக்குச் சொல்வதல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றி, அதைத் தொடரச் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே பலன்தான். இதில் என்னை உட்காரவைத்த செய்தி வேறு. உணவை மாற்றிய குழுவின் சராசரி எடையில் சொல்லும்படி எந்தக் குறைவும் இல்லை. அதாவது அந்த மனிதர்கள் வெயிட் மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், "ஒன்றும் நடக்கவில்லை" என்று பாதியில் விட்டிருப்பார்கள். உள்ளே நோய் ஒத்திப்போய்க்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் 1997-ல் வெளியான டேஷ் ஆய்வு இன்னும் கறாரானது. 459 பேர். காய், பழம், கொழுப்பு குறைந்த பால், பருப்பு, கொட்டை வகைகள் அதிகமான சாப்பாடு. எடை கூடவும் விடவில்லை, குறையவும் விடவில்லை. வேண்டுமென்றே அப்படியே வைத்திருந்தார்கள். ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. இறக்கம் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே தெரிந்தது.

எடையை விட்டால் எதைப் பார்ப்பது? தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சுற்றளவு எடுங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புதான் நமக்கு வில்லன். கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வருகிற நம் உடல்வாகில் மெஷினைவிட டேப் நேர்மையானது.

5. "நான் நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்பதை ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் பொறுமையாக இருங்கள் என்பதற்கு. ஆனால் சில சமயம் பலன் வராததற்குக் காரணம், மாற்றம் என்று நாம் நினைத்தது மாற்றமே இல்லை என்பதாக இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாதத்தை விட்டுவிட்டேன் என்பார். ராத்திரி ஐந்து சப்பாத்தி. சிறுதானியத்துக்கு மாறிவிட்டேன் என்பார். காலையில் ஒரு பெரிய சொம்பு ராகிக் கூழ். ராகி நல்ல தானியம்தான். ஆனால் மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, மெல்லாமல் குடிக்கும்போது அது சாதத்தைவிட மெதுவாக ஏறும் என்று யார் உங்களுக்கு வாக்குக் கொடுத்தது? வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் என்பார்கள். ரத்தத்துக்கு நிறம் தெரியாது. பழமாகச் சாப்பிட வேண்டியதை ஜூஸாக்கிக் குடிப்பார்கள். "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய பிஸ்கட்டை, எழுதியிருக்கிறதே என்பதற்காக எட்டு தின்பார்கள். அது மைதாதான்.

2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வு நாடு முழுக்கத் தட்டைப் பார்த்துச் சொன்னது இதுதான்: நாம் உண்ணும் கலோரியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானிய மாவோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் வகைப் புரதத்தை வைக்கும்போதுதான் குறைகிறது. ஆளை மாற்றினால் போதாது, அளவை மாற்ற வேண்டும் என்று நான் பூங்காவில் சொல்வது வழக்கம்.

மூன்று நாள், இரண்டு வேலை நாளும் ஒரு ஞாயிறும், வாயில் போவதை எல்லாம் எழுதுங்கள். உப்புப் பார்க்க எடுத்த ஒரு கரண்டி, ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக், டீயோடு வந்த வடை, எல்லாம். ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம் ஆகிவிட்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டுதலில் ஒரு நாளுக்கு 20 முதல் 25 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறது, அதுவும் நோய் இல்லாதவர்களுக்கு. எழுதிய தாளை யாரிடமும் காட்ட வேண்டாம். எழுதினாலே பாதி தெரிந்துவிடும்.

6. ஒரே நாளில் பத்து மாற்றம் வேண்டாம்.

திங்கட்கிழமை முதல் சர்க்கரை இல்லை, எண்ணெய் இல்லை, சாதம் இல்லை, காலையில் பாகற்காய்ச் சாறு, ராத்திரி சாலட் என்று கிளம்புகிறவர் வியாழக்கிழமை பரோட்டாக் கடையில் இருப்பார். ஒன்றைப் பிடியுங்கள். எனக்குத் தெரிந்து மதியத் தட்டுதான் பெரிய வாய்ப்பு. முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் பாதி இடத்தை அடைக்கட்டும். அவற்றில் பாதியையாவது சாப்பிட்ட பிறகு சாதத்தில் கை வையுங்கள். காயும் பருப்பும் முன்னால் போய் மாவுச்சத்து பின்னால் வந்தால் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சாதம் போட்டுக்கொள்வது நம் வழக்கம். ஒரே தடவை போட்டுக்கொண்டு அதையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரசத்தை டம்ளரில் குடித்தால் குடி முழுகிவிடாது.

ஒரு பழக்கம் தானாக நடக்க எவ்வளவு நாள் ஆகும்? 21 நாள் என்று சொல்லித் திரிகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது நடுவில் நின்ற எண் 66 நாள். சிலருக்கு 18 நாளில் படிந்தது. சிலருக்கு 254 நாள் ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தவறிய அந்த ஒரு நாளுக்காகத்தான் முக்கால்வாசிப் பேர் மொத்தத்தையும் விடுகிறார்கள்.

7. வீட்டில் தனி அடுப்பு மூட்டாதீர்கள்.

உங்களுக்கு மட்டும் உப்புச்சப்பில்லாத சாப்பாடு, மற்றவர்களுக்கு வறுவல் என்றிருந்தால் ஆறு மாதம் தாண்டாது. தட்டில் பாதி காய் என்பது நோயாளிக்கான உணவு இல்லை, எல்லோருக்குமானது. நம் பிள்ளைகளுக்கும் நம் ரத்தம்தான் ஓடுகிறது.

இங்கே ஆண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை என்றால் வீட்டில் அம்மாவோ மனைவியோ மறுநாளே சமையலை மாற்றிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சர்க்கரை என்றால் எதுவும் மாறுவதில்லை. எல்லோருக்கும் பிடித்ததைச் செய்துவிட்டு, கடைசியில் உட்கார்ந்து, காய் தீர்ந்துபோன சட்டியும் மிச்சச் சாதமுமாக அவர்கள் சாப்பிடுகிறார்கள். வீணாகக் கூடாதே என்று பிள்ளை வைத்துவிட்ட அரைத் தோசையும் அவர்கள் வயிற்றுக்குத்தான் போகிறது. அந்த ரிப்போர்ட்டில் எண் குறையவில்லை என்றால் கேள்வி அவர்களிடம் கேட்கப்பட வேண்டியதல்ல. முதல் தட்டுக் காயை அவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டு நீங்கள் உட்காருங்கள்.

8. கல்யாணத்துக்குப் போனால் சாப்பிடுங்கள். பாயசமும் சாப்பிடுங்கள், ஒரு முறை. அடுத்த வேளை வழக்கமான தட்டுக்குத் திரும்புங்கள். பிராயச்சித்தமாக மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினி கிடந்தவன் சாயங்காலம் பஜ்ஜிக் கடையைத் தாண்டிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

9. அடுத்தவர் எண்ணைக் கேட்காதீர்கள். மூன்று மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைத்தவர் எல்லாப் பூங்காவிலும் ஒருவர் இருப்பார். அவர் வயது, மருந்து, நோய் வந்து எத்தனை வருஷம் என்பதெல்லாம் வேறு. அடுத்த வருஷம் அவர் எப்படி இருக்கிறார் என்றும் பாருங்கள்.

10. உணவைக் குறைக்குமுன் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுக்கிறவர் திடீரென்று சாதத்தைப் பாதியாக்கினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தாங்க முடியாத பசி. மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பல பேர் இந்த நடுக்கத்தை "டயட் ஒத்துக்கலை" என்று நினைத்து நல்ல சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். குறைக்க வேண்டியது மருந்தின் அளவாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

11. எல்லாம் சரியாகச் செய்தும் எண் ஏறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

முதலில், எண்ணே தப்பா என்று கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சமீபத்தில் ரத்தப்போக்கோ ரத்தம் ஏற்றியதோ இருந்தால் குறைவாகக் காட்டலாம். நம் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சகஜம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மீட்டர் எண்ணும் மூன்று மாதச் சராசரியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். எடை மட்டும் அசையவே இல்லையென்றால் தைராய்டு பார்த்தாயிற்றா, ஸ்டீராய்டு மருந்து ஏதாவது போகிறதா என்றும் கேளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் நோயின் போக்கு அப்படி. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி இருபது ஆண்டு நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வில் புதிதாக நோய் கண்ட 5,102 பேர் இருந்தார்கள். உணவு மட்டும், மாத்திரை, இன்சுலின், எந்தக் குழுவானாலும் வருஷங்கள் போகப் போகச் சர்க்கரை மெல்ல ஏறிக்கொண்டே போனது. இன்சுலின் சுரக்கும் செல்கள் காலப்போக்கில் களைத்துப்போகின்றன. அதற்காக மாத்திரை ஒன்று கூடினால், ஊசி தொடங்கினால், அது உங்கள் ஒழுக்கத்துக்குக் கிடைத்த தண்டனை இல்லை.

அதே ஆய்வின் தொடர்ச்சி 2008-ல் வந்தது. ஆரம்ப வருஷங்களில் மருந்தால் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த எண் வித்தியாசம், ஆய்வு முடிந்த ஒரு வருஷத்தில் மறைந்துவிட்டது. இரண்டு கூட்டமும் ஒரே எண். ஆனால் பத்து வருஷம் கழித்தும், முதலில் கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவாகவே இருந்தன. நல்லபடியாக இருந்த வருஷங்களை எண் மறந்துவிட்டது, உடம்பு மறக்கவில்லை. புதிதாக நோய் கண்ட தம்பிகள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. இப்போது கழிகிற வருஷங்கள்தான் விலை உயர்ந்தவை.

12. நல்ல ரிப்போர்ட் வந்த நாளில் ஜாக்கிரதை.

மோசமான ரிப்போர்ட்டால் சாப்பாட்டை விட்டவர்களைவிட நல்ல ரிப்போர்ட்டால் விட்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 9-லிருந்து 6.8-க்கு வந்தவுடன், "சரியாயிடுச்சு" என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்துவார்கள். குழம்பில் எண்ணெய் திரும்பும், நடை ஞாயிற்றுக்கிழமைக்குச் சுருங்கும். அந்த 6.8 வந்ததே இவை எல்லாம் சேர்ந்து நடந்ததால்தான். ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொண்டுபோங்கள், மருந்து குறைக்க முடியுமா என்று அவர் சொல்லட்டும், அடுத்த டெஸ்ட் தேதியை அங்கேயே குறித்துக்கொண்டு வாருங்கள். அன்று சாயங்காலம் குடும்பத்தோடு ஜிகர்தண்டா கடைக்குப் போவீர்கள், எனக்குத் தெரியும். சின்ன டம்ளராக வாங்குங்கள். திரும்பும்போது நடந்து வாருங்கள். மறுநாள் காலையில் மீட்டரை எடுக்காதீர்கள்.